பன்னிரண்டுக்குப் பதினைந்து

காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறது ஆத்தங்குடி. அங்கே தரைக்கல் செய்யும் பட்டறையில் நின்று வேலையைப் பார்த்தபோது முதலில் பிடிபடாதது ஒன்றுதான்: கல்லின் பூப்பக்கம் கீழே இருக்கிறது. கண்ணாடித் துண்டின் மேல் உலோகச் சட்டம். அதற்குள் பூவின் கோடுகளாக வளைத்த தகட்டு அச்சு. நிறம் கலந்த சிமெண்ட் குழம்பைக் கட்டம் கட்டமாக ஊற்றிவிட்டு அச்சைத் தூக்குகிறார் தொழிலாளி. நிறங்கள் கலப்பதில்லை, அந்தக் கை அப்படி. மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, பிறகு கலவை வைத்துச் சமன் செய்கிறார். சூளை கிடையாது. தண்ணீரில் ஊறிக் காய்ந்ததும் கண்ணாடி கழன்று வரும். பளபளப்பு அது விட்டுப்போனதுதான்.

வாங்க வந்தவர் ஒருவர், “நூத்தெண்பது சதுர அடி வேணும்” என்றார்.

“ரூம் நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு அண்ணே? பார்டர் உண்டா?” என்று திருப்பிக் கேட்டார் தொழிலாளி.

அந்தக் கேள்வியில்தான் தொழில் இருக்கிறது. 12 அடிக்கு 15 அடி அறை என்றால் பரப்பு 180 சதுர அடி. பத்தங்குலக் கல் ஒன்று 100 சதுர அங்குலம். ஒரு சதுர அடி 144 சதுர அங்குலம். 180-ஐ 1.44-ஆல் பெருக்கினால் 259.2, அதாவது 260 கல். பள்ளிக்கூடக் கணக்கு இங்கே முடிந்துவிடும்.

தரையில் முடியாது. 15 அடி நீளத்தில் 18 கல் சரியாக உட்காரும். 12 அடி அகலத்தில் 14 கல் போக 4 அங்குலம் மிஞ்சும். பூவை வெட்டினால் அசிங்கம். அதனால் சுவரோரம் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலத்தை ஒற்றை நிறத்தில் நிரப்பிவிடலாம். முழுக் கல் 14 × 18, மொத்தம் 252. இவை எல்லாம் ஒரே கல்லும் அல்ல: நடுவே 12 × 16 என்று 192 பூக்கல், சுற்றிலும் 56 பார்டர், மூலைக்கு 4. வெறும் 260 என்று எழுதிக் கொடுத்தால் எந்த அச்சில் எத்தனை போடுவது?

உடைசலுக்கும் சேர்க்க வேண்டும். பூக்கல்லில் பத்து, பார்டரில் நான்கு, மூலையில் ஒன்று என்று வைத்தால் 267. கடையில் பெட்டியில் வரும் டைல்ஸுக்கே உபரி வாங்கச் சொல்வார்கள்; இங்கே அது இன்னும் அவசியம். கையால் கலக்கும் நிறம், அடுத்த முறை போடும்போது ஒரு சாயல் மாறிவிடலாம்.

ஆர்டர் கொடுக்கப் போகிறவர்கள் சதுர அடியை மட்டும் சொல்லாதீர்கள். நீளம், அகலம், தூண், வாசற்படி எல்லாம் குறித்த ஒரு படத்தைக் கையில் கொண்டு போங்கள்.