கப்பல் காத்திருக்காது

ஏலகிரி மலையில் அத்தனாவூருக்கு அருகே எங்களுக்குச் சிறு வீடொன்று உண்டு. ஆம்பூரின் வெயிலிலிருந்தும் தோல் தொழிலின் ஓயாத அலுவல்களிலிருந்தும் ஆண்டில் சில வாரங்களேனும் ஒதுங்கியிருக்கலாம் என்று எங்கள் தந்தையார் வாங்கிய வீடு அது. அதன் உள்ளறையில் பச்சை வண்ணம் பூசிய தகரப் பெட்டி ஒன்று இன்றும் இருக்கிறது. மூடியின்மீது வெள்ளை எழுத்தில் தந்தையாரின் பெயரும், அதன் கீழே ‘பம்பாய் – ஜித்தா’ என்னும் இரண்டு ஊர்ப் பெயர்களும் எழுதப்பட்டிருக்கின்றன. 1975ஆம் ஆண்டில் பெற்றோர் இருவரும் ஹஜ்ஜுக்குக் கப்பலேறியபோது கொண்டுசென்ற பெட்டி.

2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில், டொராண்டோவில் வாழும் மகளும் மருமகனும் எங்களுக்கு ஓர் அழைப்பு விடுத்தார்கள். கனடாவின் மேற்குக் கரையிலுள்ள வான்கூவர் துறைமுகத்திலிருந்து அலாஸ்காவுக்கு ஏழு நாள் கப்பல் பயணம். பேரப்பிள்ளைகளும் உடன் வருவார்கள். உல்லாசக் கப்பல் நமக்கு ஆகுமா என்ற தயக்கம் எங்களுக்கு இருந்தது. ஆயினும் பிள்ளைகளோடு ஒரு வாரம் ஒன்றாக இருக்கக் கிடைப்பது எளிதன்று. மதுவும் சூதாட்டமும் உள்ள பக்கம் போகாதிருப்பது நம் கையில்தானே என்று தேறி, இசைந்தோம்.

மருமகன் பயணத் திட்டத்தைச் சொன்னார். “மாமா, கப்பல் மாலையில்தான் புறப்படும். உங்கள் விமானம் அன்று காலையிலேயே இறங்கிவிடும். கோடையில் அந்த ஊரில் விடுதி வாடகை மிக அதிகம். வீண் செலவு எதற்கு?”

கணக்குப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். ஆனால் எங்கள் கண்முன் நின்றது அந்தத் தகரப் பெட்டி. “கப்பலுக்கு இரண்டு நாள் முன்னதாக நாங்கள் அந்த ஊரில் இருக்க வேண்டும்” என்று உறுதியாகச் சொல்லிவிட்டோம்.

காரணம் இதுதான். அந்நாளில் தமிழகத்து ஹாஜிகள் கப்பலேறப் பம்பாய்க்கே போக வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் அரக்கோணம் சென்று பம்பாய் மெயிலைப் பிடிப்பார்கள். கிராபர்டு மார்க்கெட்டை அடுத்த சாபு சித்தீக் முசாபர்கானாவில் பாய் விரித்துத் தங்குவார்கள். அம்மை, காலரா ஊசிச் சான்றுகளைச் சரிபார்ப்பது, அந்நியச் செலாவணி பெறுவது, இஹ்ராம் துணி வாங்குவது, மூத்த ஆலிம்களிடம் ஹஜ்ஜின் செயல்முறைகளைக் கேட்டுத் தெளிவது என்று நாட்கள் கழியும். மொகல் லைன் நிறுவனத்தின் ‘அக்பர்’ முதலிய கப்பல்கள் அவர்களை ஏற்றிச் சென்றன. கடல் வழி ஹஜ் 1995இல் நின்றுபோயிற்று. இன்றைய இளைஞர் பலருக்கு அப்படியொன்று இருந்ததே தெரியாது.

தந்தையார் பத்து நாட்கள் முன்னதாகவே பம்பாய் சேர்ந்துவிட்டார்கள். எங்கள் தெருவைச் சேர்ந்த பெரியவர் ஒருவரும் அதே கப்பலில் போக வேண்டியவர். தோல் விற்ற பாக்கி ஒன்று வர வேண்டியிருந்தது. அதை வாங்கிக்கொண்டு புறப்படுகிறேன், நாளை நாளை என்று அவர் ஊரிலேயே தங்கிவிட்டார். பாக்கியும் வந்தது, அவரும் இரயிலேறினார். அவ்வாரம் பெய்த மழையில் இருப்புப்பாதை அரிப்புண்டு, வண்டி வழியில் ஓரிரவு முழுதும் நின்றது. அவர் பம்பாயில் இறங்கிய நேரத்தில் கப்பல் கரையை விட்டுப் போயிருந்தது. அந்தப் பருவத்தில் வேறு இடம் அவருக்குக் கிடைக்கவில்லை. ஊர் திரும்பினார். மறு ஆண்டு ஹஜ்ஜுக் காலம் வருமுன் மவ்த்தாகிவிட்டார்.

தந்தையார் இதைச் சொல்லும்போதெல்லாம் அந்தப் பெரியவரைக் குறைகூறியதே இல்லை. “இரயில் அடுத்த நாளும் வரும். கப்பல் காத்திருக்காது” என்று மட்டும் சொல்வார்கள்.

ஹஜ் எங்கே, உல்லாசப் பயணம் எங்கே என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். இரண்டையும் ஒரு தட்டில் வைக்க நாங்கள் துணியவில்லை. ஆனால் துறைமுகத்தின் நியதி இரண்டுக்கும் ஒன்றே. அந்த நியதியை வான்கூவரில் நாங்கள் எப்படிக் கண்டோம் என்பதை, பிள்ளைகளின் அழைப்பின்பேரில் அப்பக்கம் போகவிருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்றெண்ணி எழுதுகிறோம்.

முதலாவது, காகிதங்கள். வான்கூவரில் ஏறி வான்கூவரிலேயே இறங்கினாலும், அலாஸ்கா அமெரிக்க நாட்டின் பகுதி. ஆகவே இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்களுக்குக் கனடா விசா மட்டும் போதாது. அமெரிக்க விசாவும் வேண்டும். கனடா விசா, கப்பலிலிருந்து திரும்பி வரும்போதும் நுழைய இடந்தருகிறதா என்பதைப் புறப்படுமுன் பார்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கக் குடிநுழைவுச் சோதனை கப்பலேறுமுன் வான்கூவர் முனையத்திலேயே நடந்துவிடுகிறது. இதில் குறையிருந்தால் கப்பல் கண்ணெதிரே நிற்க, நாம் கரையிலேயே நிற்க நேரும். மருத்துவக் காப்பீடும் இன்றியமையாதது. வெளிநாட்டாருக்கு அங்கே சிகிச்சைச் செலவு மிகப் பெரிது.

இரண்டாவது, கால இடைவெளி. கோடையில் நம் நேரத்துக்கும் வான்கூவர் நேரத்துக்கும் பன்னிரண்டரை மணி வேறுபாடு. அங்கே இஷா தொழுது படுக்கும் வேளையில் உடம்புக்கு நடுப்பகல். அறுபதைக் கடந்தவர்களுக்கு இந்த மயக்கம் தெளிய இரண்டு நாளாவது வேண்டும்.

அந்த இரண்டு நாளின் அருமையை நாங்கள் இறங்கிய அன்றே அறிந்தோம். வழியில் மாறவேண்டிய விமானம் ஏழு மணி நேரம் தாமதமாயிற்று. வான்கூவரில் இறங்கியபோது எங்கள் பெட்டிகளில் ஒன்று வரவில்லை. துணைவியாரின் இரத்த அழுத்த மாத்திரைகளும் கம்பளி உடைகளும் அதில்தான் இருந்தன. பெட்டி மறுநாள் மாலையில் விடுதிக்கு வந்துசேர்ந்தது, அல்ஹம்துலில்லாஹ். மருமகனின் முதற் திட்டப்படி வந்திருந்தால், நாங்கள் இறங்கியபோது கப்பல் ஏறும் வாயில் மூடியிருக்கும். அவர் அன்றிரவு எங்களிடம் ஒன்றும் பேசவில்லை. விடுதிக் கணக்கைத் தாமே கட்டிவிட்டு, “மாமா, அந்தப் பெரியவர் கதையை இன்னொரு முறை சொல்லுங்கள், பிள்ளைகள் கேட்கட்டும்” என்றார்.

ஆகவே மாத்திரைகள், கடவுச்சீட்டு, ஒரு மாற்றுடை, தொழுகை விரிப்பு ஆகியவை எப்போதும் கைப்பையிலேயே இருக்கட்டும். கப்பலில் ஏறும் நாளிலும் இதே விதிதான். முனையத்தில் ஒப்படைக்கும் பெரிய பெட்டிகள் அறைக்கு வந்துசேரச் சில மணி நேரமாகும்.

மூன்றாவது, நகருக்குள் போக்குவரத்து. விமான நிலையத்திலிருந்தே ‘கனடா லைன்’ என்னும் இரயில் புறப்படுகிறது, 2009இல் தொடங்கியது. ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடத்தில் ‘வாட்டர்பிரண்ட்’ என்னும் கடைசி நிலையத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து கப்பல் முனையமான ‘கனடா பிளேஸ்’ நடக்கும் தூரம். ஐந்து வெண்பாய்கள் விரித்ததுபோன்ற அதன் கூரையைத் தொலைவிலேயே அடையாளம் காணலாம். பெட்டிகள் மிகுதியாயிருந்தால் வாடகை மோட்டார் நல்லது. அந்நிலையத்தை ஒட்டித் தங்கினால் கப்பல் நாளன்று பதற்றமில்லை. வாடகை மிகுதியென்றால் அதே இரயில் தடத்தில் சற்றுத் தள்ளித் தங்கலாம்.

நான்காவது, தொழுகையும் உணவும். இங்கே மேற்கு நோக்கித் தொழுது பழகிய நமக்கு அங்கே ஒரு வியப்பு உண்டு. உலகம் உருண்டையாதலால் வான்கூவரிலிருந்து கஅபாவுக்குக் குறுகிய வழி வடதுருவப் பக்கமாகச் செல்கிறது. ஆகவே கிப்லா வடக்கிலிருந்து சற்றே கிழக்காக அமைகிறது. ஜூலையில் சூரியன் இரவு ஒன்பது மணிக்குப் பின்னரே மறைகிறது. மஃரிபுக்குக் காத்திருந்து குழந்தைகள் உறங்கிப்போனார்கள். பயணிகளுக்குரிய கஸ்ர், ஜம்உ சலுகைகளின் அருமை அப்போது விளங்கிற்று. மேற்கு எட்டாம் அவென்யூவில் ஜாமிஆ மஸ்ஜித் இருக்கிறது. கனடா லைன் இரயிலில் பிராட்வே நிலையத்தில் இறங்கி நடந்து போகலாம்.

ஹலால் உணவு வேண்டுமென்று கப்பல் நிறுவனத்திடம் பயணச்சீட்டு வாங்கும்போதே கேட்டு, விடையை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். ஏறியபின் கேட்டால் மீனும் காய்கறியும்தான் துணை. ஆம்பூர்க்காரர்கள் பிரியாணியைப் பெட்டியில் கட்டிக்கொண்டு போக நினைக்க வேண்டாம். கனடாவின் எல்லையில் உணவுப் பொருள் எதுவாயினும் அறிவித்துவிட வேண்டும். இறைச்சி கலந்தவற்றைக் கொண்டுபோகாமலிருப்பதே நலம்.

ஐந்தாவது, உடையும் காலணியும். வான்கூவரின் ஜூலை மாலை, ஏலகிரியின் மார்கழி மாலையைப்போல இதமான குளிர். ஆனால் அலாஸ்காவின் பனியாறுகளை நெருங்கும்போது கம்பளியும் மழைச்சட்டையும் தேவை. காலணியைப் பற்றி எழுத எங்களுக்கு வெட்கமாயிருக்கிறது. உலகுக்கெல்லாம் காலணி செய்து அனுப்பும் ஊரிலிருந்து, ஒருநாளும் அணிந்து பழகாத புதுக் காலணியோடு போய், முதல் நாள் நடையிலேயே குதிகாலில் கொப்புளம் கண்டோம். பழகிய காலணியே பயணத்துக்கு உற்ற துணை. ஏலகிரியின் பதினான்கு கொண்டையூசி வளைவுகளில் தலைசுற்றாதவர்களுக்கும் கடலில் தலைசுற்றக்கூடும். தீவுகளுக்கு உட்புறமாகச் செல்லும் கடல்வழி பெரும்பாலும் அமைதியானதே. எனினும் மருத்துவரைக் கேட்டு மாத்திரை வைத்துக்கொள்வது நல்லது.

மிஞ்சிய ஒரு நாளில் ஊரைப் பார்த்தோம். ஸ்டான்லி பூங்காவின் கடற்சுவரோரம் முதியோரும் களைப்பின்றி நடக்கலாம். பூர்வகுடி மக்கள் செதுக்கிய உயர்ந்த மரத்தூண்களை அங்கே காணலாம். வாட்டர்பிரண்ட் நிலையத்திலிருந்தே புறப்படும் ‘சீ பஸ்’ படகு, கால் மணிக்கும் குறைவான நேரத்தில் அக்கரை சேர்க்கிறது. பிள்ளைகளுக்கு அதுவே பெருங்கொண்டாட்டம்.

கப்பல் முனையத்திலிருந்து கரையோரமாக நடந்தபோது ஒரு நினைவுச்சின்னத்தின் முன் நின்றோம். ‘கோமகாட்டா மாரு’ கப்பலுக்கு எழுப்பியது. 1914 மே 23ஆம் நாள் அந்தக் கப்பல் இந்த நீர்ப்பரப்புக்கு வந்தது. நம் நாட்டார் 376 பேர் அதில் இருந்தார்கள். பெரும்பான்மையோர் சீக்கியர், முஸ்லிம்களும் இந்துக்களும் உடனிருந்தார்கள். பிறந்த நாட்டிலிருந்து இடைநிற்காமல் நேரே வந்தவர்களையே ஏற்போம் என்று கனடா 1908இல் விதி செய்திருந்தது. இந்தியாவிலிருந்து அப்படி வர வழியில்லை என்பதை அறிந்தே செய்த விதி அது. இரண்டு மாதங்கள் அம்மக்கள் கரையைப் பார்த்தபடி கப்பலிலேயே இருந்தார்கள். இருபத்து நான்கு பேரை மட்டும் இறங்கவிட்டு, ஜூலை 23 அன்று கப்பலைத் திருப்பியனுப்பினார்கள். கல்கத்தாவுக்கு அருகே பஜ்பஜ்ஜில் இறங்கியபோது ஆங்கில அரசின் துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டார்கள். 2016இல் கனடா நாட்டின் பிரதமர் நாடாளுமன்றத்தில் இதற்காக மன்னிப்புக் கேட்டார்.

மூத்த பேரன் கேட்டான்: “நன்னா, அவர்களும் லேட்டாக வந்தார்களா?”

“இல்லை கண்ணு, அவர்கள் நேரத்துக்குத்தான் வந்தார்கள். கதவைத் திறக்கத்தான் ஆளில்லை” என்றோம்.

சொல்லிவிட்டுக் கைப்பையைத் தொட்டுப் பார்த்தோம். அதற்குள் எங்கள் கடவுச்சீட்டுகள் இருந்தன. மறுநாள் வரிசையில் நின்றபோது, அதிகாரி ஒருவர் அவற்றைப் புரட்டிப் பார்த்துப் புன்னகையுடன் திருப்பித் தந்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதே கரையில் 376 பேருக்கு இரண்டு மாதம் கிடைக்காத அந்த ஒரு நிமிடத்துக்காக உள்ளத்துள் இறைவனைப் புகழ்ந்தோம்.

கனடா வரை போகாதவர்களுக்கும் இவை பொருந்தும். மும்பையிலிருந்து உல்லாசக் கப்பல்கள் சென்றிருக்கின்றன. சென்னைத் துறைமுகத்திலிருந்தும் 2022 ஜூன் மாதம் ஒரு கப்பல் பயணம் தொடங்கிவைக்கப்பட்டது. ஆம்பூரிலிருந்து சென்னை சில மணி நேரம்தானே என்று அன்று காலையில் புறப்படாதீர்கள். முதல் நாளே போய்ச் சேருங்கள். கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டும், சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லிக்கொண்டும் புறப்படுங்கள். வர வேண்டிய பாக்கி ஏதேனும் இருந்தால் அது பின்னர் வரட்டும்.

ஊர் திரும்பியபின் ஏலகிரி வீட்டின் தகரப் பெட்டியைத் துடைத்து வைத்தோம். கப்பல் பயணத்தின் அட்டைகளையும் பேரன் வரைந்த கப்பல் படத்தையும் அதற்குள் இட்டோம். படத்தில் கப்பல் கரையோரம் நிற்கிறது. கரையில் தாடி வைத்த ஒரு பெரியவர் பெட்டியோடு நிற்கிறார். “இவர் யார்?” என்று கேட்டதற்கு, “உங்கள் தெரு நன்னா. இந்த முறை சீக்கிரமாக வந்துவிட்டார்” என்றான்.