ஜெகதளாவில் எழுந்த கேள்வி

இல்லம் மந்திரிக்கக் குன்னூரை அடுத்த ஜெகதளாவுக்குச் சென்றிருந்தோம். தேயிலைச் சரிவில் தொழிலாளர் சிலர் வடம் பூட்டிப் பாறையொன்றை மேலேற்றிக்கொண்டிருந்தனர்.

"சாமி, பிரமிடுகளைக் கட்டியவர்கள் இஸ்ராயேல் அடிமைகள்தாமே?" என்றான் உடன்வந்த சிறுவன்.

அன்று என்று நாம் விளக்கினோம். விடுதலைப் பயண நூல் குறிப்பது பித்தோம், இராம்சேசு என்னும் களஞ்சிய நகர்களையே. ஏறத்தாழ 23 இலட்சம் கற்களாலான கூஃபு மன்னனின் பிரமிடோ அவற்றுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்தியது. அக்காலத்துச் சாய்தளமொன்று, கயிறு சுற்றி இழுக்கும் கம்பங்களுக்கான குழிகளுடன், 2018-இல் ஹத்னூப் கற்சுரங்கத்தில் வெளிப்பட்டது. கீசாவில் அடக்கமான தொழிலாளரின் முறிந்த எலும்புகள் சேர்ந்து ஆறியுள்ளன; மருத்துவம் பெற்றவர்கள் அவர்கள். சுண்ணாம்புக்கல்லைப் படகேற்றிய குழுத்தலைவன் மெரெரின் நாட்குறிப்பு 2013-இல் கிடைத்தது.

மன்னன் பெயரை உலகறியும். மெரெரை அறிய 4,500 ஆண்டுகள் சென்றன. அன்பர்களே, நம் இல்லத்துக்குக் கல் சுமந்தோரின் பெயரை நாம் அறிவோமா? திரும்புகையில் அத்தொழிலாளரிடம் நின்று பெயர் கேட்டறிந்தோம்.