நீர் எட்டாத ஓரம்

அமெரிக்காவின் வட கரோலினாவில், மணலும் பைன் மரங்களும் சூழ்ந்த பைன்ஹர்ஸ்ட் இரண்டாம் எண் கோல்ஃப் மைதானத்தில் நடந்தால் முதலில் கண்ணில் படுவது புல்லின் நிறம்தான். நடுவே பச்சை, ஓரம் போகப் போக வெளிறி, பழுப்பாகி, கடைசியில் வெறும் மணலும் நாட்டுப்புல் குத்துகளும். பராமரிப்புப் போதவில்லை என்று தோன்றும். உண்மையில் அது பாசனக் குழாய் மாற்றியவர்களின் கைவேலை. 1907-ல் டொனால்ட் ராஸ் அமைத்த இந்த மைதானத்தில் காலப்போக்கில் தெளிப்பான்கள் பெருகிச் சுமார் 1,150 ஆகிவிட்டன. எங்கும் ஒரே பச்சை. 2010-11-ல் மைதான வடிவமைப்பாளர்கள் பில் கூரும் பென் கிரென்ஷாவும் புதுப்பித்தபோது அவை 450 அளவுக்குக் குறைந்தன. சுமார் 35 ஏக்கர் புல்தரையை உரித்தெடுத்தார்கள். மண்ணுக்குள் கிடந்த பழைய குழாய் வரிசையே ராஸ் காலத்து ஆடுதளத்தின் நடுக்கோட்டைக் காட்டிக்கொடுத்தது. அதை ஒட்டி மீண்டும் ஒற்றை வரிசைத் தெளிப்பான்கள் வந்தன. ஆண்டுக்குச் சுமார் 5.5 கோடி கேலன் குடித்த மைதானம் பின்னர் 1.5 கோடி கேலனுக்கு இறங்கியது. எங்கே நீர் போகக் கூடாது என்று தீர்மானிப்பதில்தான் பாசனக் குழாய் போடும் வேலையின் உயிர் இருக்கிறது என்பேன்.

அந்தத் தீர்மானம் கடைசியில் தொழிலாளி கையில் வந்து நிற்கிறது. வரைபடத்தில் இருப்பது ஒரு புள்ளி. மேடா பள்ளமா, காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று பார்த்துக் கொடி நட்ட பிறகுதான் தெளிப்பானின் இடம் உறுதியாகிறது. பிறகு புல்லைப் பாய் போல உரித்து ஓரம் வைக்கிறார்கள். தோண்டிய மண் நல்ல புல்லில் சிந்தாதபடி பலகைமேல் கொட்டுகிறார்கள். பழைய பிவிசி குழாய்களில் பம்பு ஓடி நிற்கும்போதெல்லாம் அழுத்தம் ஏறி இறங்கும். வருடக்கணக்கில் அந்த அடி வாங்கி இணைப்புகள் கசியத் தொடங்கும். இப்போது பரவலாகப் போடும் எச்டிபிஇ பிளாஸ்டிக் குழாயில் பசைக்கு வேலையில்லை. இரு முனைகளையும் சீவி, 200 டிகிரி செல்சியசுக்கு மேல் காய்ந்த தட்டில் உருக்கி, ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கிறார்கள். சுற்றிலும் பிதுங்கும் வளையம் சீராக இருக்கிறதா என்று கண்தான் சொல்ல வேண்டும். ஆறுமுன் அசைத்தால் இணைப்புக் கெட்டது. மூடும்போது மண்ணை அடுக்கடுக்காகத் திமிசு போட்டு இறுக்காவிட்டால் அடுத்த மழையில் பள்ளம் விழும்.

ஈரமானியும் கணினியும் இருக்க இந்தக் கைப்பக்குவம் எதற்கு என்று கேட்கலாம். கணினி நீர் விடும் நேரத்தைக் கூட்டும், குறைக்கும். தப்பான இடத்தில் நட்ட தெளிப்பானை நகர்த்தாது. அதனால்தான் தரையில் வரிசையாகக் கிண்ணங்களை வைத்து, எதில் எவ்வளவு நீர் விழுந்தது என்று இன்றும் அளக்கிறார்கள். பணம் படைத்தவர்களின் விளையாட்டுக்கு இவ்வளவு அக்கறையா என்ற கேள்வியை நான் ஒதுக்க மாட்டேன். ஆனால் அதிகம் குடிக்கும் இடத்தில்தானே மிச்சம் பிடிக்கவும் அதிகம் இருக்கிறது. பைன்ஹர்ஸ்டின் மணல் மண்ணில் முடிந்தது எல்லா ஊரிலும் இதே அளவுக்கு முடியாது என்பதும் சரியே. பழுப்பை ஆட்டக்காரர்கள் ஏற்கமாட்டார்கள் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 2014-ல் அமெரிக்க ஓப்பன் ஆண்கள் போட்டியும் பெண்கள் போட்டியும் அடுத்தடுத்த வாரங்களில் இந்தப் பழுப்பு ஓரங்களுக்கு நடுவேதான் நடந்தன. பார்த்துப் பழித்தவர்கள் இருந்தார்கள். ஆனாலும் 2024-ல் ஆண்கள் போட்டி அங்கேயே திரும்பி வந்தது. பாசனம் மாற்றப்போகிற மைதானத்தார் குழாய் விலையை விசாரிக்குமுன், அங்கே தினமும் புல் வெட்டுகிறவரை அழைத்து, எந்த ஓரத்துக்கு நீர் வேண்டாம் என்று கேட்க வேண்டும்.