காலியின் பஞ்சு ரேந்தை

காலிக் கோட்டையைக் காணச் செல்வோர் பெரும்பாலும் மதிலையும் வெளிச்ச வீட்டையும் கண்டு மீள்வர். 1588இல் போர்த்துக்கேயர் எழுப்பத் தொடங்கி, 1640இல் ஒல்லாந்தர் கைப்பற்றிப் பெருக்கிய அக்கோட்டையினுள், விறாந்தையில் அமர்ந்து ரேந்தை பின்னும் பெண்களிடம் சற்றுத் தாமதிப்போர் சிலரே.

ரேந்தை என நாம் வழங்குஞ் சொல் போர்த்துக்கேயரின் 'ரெண்டா'வே. பின்னும் மரக்கட்டைகளைச் சிங்களத்தில் 'பீரளு' என்பர். அதுவும் அவர்தம் 'பில்ரோ'வின் திரிபு. முன்னாளில் தென்கரைச் சிங்களப் பெண்களின் வெள்ளைச் சட்டைக்குக் கழுத்திலும் கையிலும் இதுவே அணி.

தலையணை ஒன்றின் நடுவே சுழலும் உருளை. அதன்மேற் சித்திரம் குறித்த தாள். தாளிற் குத்திய குண்டூசிகள். ஊசிகளைச் சுற்றி வரும் நூல்களின் நுனியிற் பீரளுக் கட்டைகள் தொங்குகின்றன. ஒரு முறைக்கு நான்கு கட்டைகளே கையில் இருக்கும். குறுக்கிடுதல், முறுக்குதல் என இரண்டே அசைவுகள். பூவும் இலையும் வலையும் யாவும் இவ்விரண்டிற் பிறப்பனவே! கட்டைகள் மோதும் 'கலகல' ஒலி தெருவரை கேட்கிறது.

நூல் பஞ்சு நூல். இதிலேதான் தொழிலின் நுட்பம் அடங்கியுள்ளது. குளிர்நாட்டார் ஆட்டு மயிரிற் பின்னிய ரேந்தையை, முடித்தபின் நனைத்து, இழுத்து, ஊசி குத்திக் காயவைப்பர். கம்பளி இழுப்புக்கு இசையும். காய்ந்தபின் ஊசியைக் களைந்தாலும் விரித்த வடிவிலேயே நிற்கும். பஞ்சுக்கு அந்த நெகிழ்ச்சி இல்லை. நம் வீட்டுப் பெண்கள் நீள் ஊசிகளாற் பஞ்சு நூலிற் பின்னும் மேசைவிரிப்பை எவ்வளவு செவ்வையாக விரித்துலர்த்தினாலும், கஞ்சி இல்லையேல் நாளடைவில் தொய்ந்துவிடும். காலியிலோ ஊசி குத்தும் வேலை முடிவில் வருவதன்று. பின்னும்போதே ஒவ்வொரு கண்ணுக்கும் ஓர் ஊசி காவல். கட்டையின் பாரமே நூலை இறுக்குகிறது. பின்னர் இழுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்பதற்கு இடமே இல்லை. ஆகவேதான் வேலை ஆமை வேகத்தில் நகர்கிறது.

யாம் கண்ட மூதாட்டியின் வீடு கோட்டைக்கு வெளியே, கடலோரத்தில் இருந்ததாம். 2004 டிசம்பர் 26இற் கடல் பொங்கியபோது தலையணையும், தாயார் விட்டுச்சென்ற சித்திரத் தாள்களும் போயின. தலையணையை மீளச் செய்வித்தார். தாள்களை நினைவிலிருந்து வரைந்தார். சில சித்திரங்கள் நினைவுக்கு வரவேயில்லை என்றார். மகள் கொக்கலவில் ஆடைத் தொழிற்சாலைக்குச் செல்கிறார்; மாதச் சம்பளம் உண்டு. அதனைக் குறைகூற யாருக்கு உரிமை?

அவ்வேளை வந்த ஒருவர், இயந்திர ரேந்தையின் விலையைச் சொல்லிப் பாதிக்குக் கேட்டார். நம்மவர்தாம், எமக்கு வெட்கமாயிருந்தது. மூதாட்டி மறுமொழி கூறாது கட்டைகளை உருட்டினார்.

கேட்ட விலைக்கே இரண்டு முழம் வாங்கினோம். அட்டையிற் சுற்றித் தருகையில் அவர் சொன்னார்: "மாத்தயா, துவைத்தாற் பிழிய வேண்டாம். மெல்லிய கஞ்சியில் தோய்த்து, ஈரத்தோடே வெள்ளைத் துணியிற் பரப்பி ஊசி குத்துங்கள். துருப்பிடிக்காத ஊசியாகப் பாருங்கள்; துருக்கறை போகாது."