திருத்தப்படாத ஏடு

பிறர் பிழையைத் திருத்துவதையே தொழிலாகக் கொண்டவர்க்குத் தம் பிழை எளிதில் புலப்படுவதில்லை. கிள்ளானில் நெடுங்காலம் தமிழ் பயிற்றுவித்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருக்கு, அது பழைய பயிற்சி ஏடு ஒன்றின் வடிவில் வந்து சேர்ந்தது.

அலமாரியைத் துப்புரவு செய்த நாளில் அவ்வேடு அகப்பட்டது. 2007ஆம் ஆண்டில் நான்காம் படிவ மாணவன் ஒருவனிடமிருந்து அவர் பறித்து வைத்தது அது. யோகி பி, நட்சத்ரா குழுவினரின் 'ராப்' பாடல்களைக் கேட்டுக் கேட்டு அதில் எழுதி வைத்திருந்தான் மாணவன். "இதுவா தமிழ்? தெருவில் கத்துவதெல்லாம் பாட்டாகுமா?" என்று அனைவர் முன்னிலையிலும் அவர் கடிந்துகொண்டார். வகுப்பே நகைத்தது. ஏடு அவனிடம் திரும்பவில்லை. மறு ஆண்டு அவன் தமிழைத் தேர்வுப் பாடமாக எடுக்கவுமில்லை.

அன்று கேளாமலே இகழ்ந்த பாடல்களை இன்றேனும் கேட்போமே என்று அவருக்குத் தோன்றியது. மகள் கைப்பேசியில் தேடிக் கொடுத்தாள். 2006இல் வெளிவந்த 'வல்லவன்' தொகுப்பு அது. கோலாலம்பூர்க்காரரான யோகி பி, 1990களில் 'போயெடிக் அம்மோ' குழுவில் பாடிப் பெயர் பெற்றவர். டாக்டர் பர்ன், எம்சீ ஜெஸ் ஆகிய இருவருடன் இணைந்து இதனைப் படைத்தார். 1980இல் 'நிழல்கள்' படத்திற்காக வாலி எழுதி, இளையராஜா இசையமைத்து, எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடிய 'மடை திறந்து' பாடலை அடித்தளமாக்கி, அதன்மேல் தம் சொற்களை அடுக்கியிருந்தனர். ஆசிரியர் இளமையில் விரும்பிக் கேட்ட பாடல் அது. தாம் போற்றியதையே அம்மாணவனும் வேறு வழியில் போற்றியிருக்கிறான் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கிற்று.

இக்கலையின் வேரையும் அவர் தேடிப் படித்தார். 1973 ஆகஸ்டு 11ஆம் நாள், நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், ஜமைக்காவிலிருந்து குடியேறிய கூல் ஹெர்க் என்னும் இளைஞர் தம் தங்கை நடத்திய விருந்தில் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதியை, இரு தட்டுகளைக் கொண்டு மீண்டும் மீண்டும் நீட்டுவது அவர் கண்ட உத்தி. அத்தாளத்தின்மேல் பிறந்ததே ராப். 1982இல் வெளிவந்த 'தி மெசேஜ்' என்னும் பாடல் சேரி வாழ்வின் துன்பத்தை உலகறியச் சொன்னது.

மீண்டும் ஏட்டைப் புரட்டினார். ஒவ்வோர் அடியின் ஈற்றிலும் ஒத்து ஒலிக்கும் எழுத்துகளின் கீழ் மாணவன் கோடிட்டிருந்தான். அஃது இயைபுத் தொடை. மாணவர் மனத்தில் அதனைப் பதிய வைக்க அவர் எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருப்பார்! திருப்புகழின் சந்தத்தையும் காளமேகத்தின் வசைப் பாடல்களையும் வியந்து உரைத்த நாவு, அவற்றின் தொலைதூர உறவு வாசலில் வந்து நின்றபோது விரட்டியடித்துவிட்டது.

கடைசிப் பக்கத்தில் மாணவன் தானே எழுதிய பன்னிரண்டு அடிகள் இருந்தன. பால்மரம் வெட்டிய தாய், தோட்டம் வீடமைப்புப் பகுதியானபின், அடுக்குமாடி வீட்டிலிருந்து உணவகத்திற்குத் தட்டுக் கழுவச் செல்வதை அவை கூறின. அப்பக்கத்தை அவர் அன்று பார்க்கவே இல்லை.

முன்னாள் மாணவர் சிலரிடம் விசாரித்து, ஒரு காலைப் பொழுதில் கொமுட்டர் ரயிலேறிக் கோலாலம்பூர் சென்ட்ரலில் இறங்கினார். பிரிக்பீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலைக்குப் பின்புறச் சந்து ஒன்றில், திருமணங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடையில் அவன் வேலை செய்துகொண்டிருந்தான். நெற்றியோரம் நரை தொடங்கியிருந்தது.

"வாங்க ஐயா" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான், தேநீர் வருவித்தான். ஆசிரியர் ஏட்டை நீட்டினார். "தம்பி, அன்று நான் செய்தது தவறு" என்றார். வழியெல்லாம் எண்ணி வைத்திருந்த மற்றச் சொற்கள் வரவில்லை.

அவன் கடைசிப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தான். "இதில் இரண்டு இடத்தில் ஒற்று விட்டுப்போயிருக்கிறது, ஐயா. அன்று திட்டியது பெரிதில்லை. இதைத் திருத்திக் கொடுத்திருந்தால் அடுத்ததை எழுதியிருப்பேன்" என்றான். குரலில் சினம் இல்லை.

ஆசிரியர் சட்டைப்பையில் தடவினார். சிவப்பு மைப் பேனா இல்லை. கடை மேசைமேல் கிடந்த பேனாவை அவனே எடுத்துக் கொடுத்தான். கை சற்று நடுங்க, விடுபட்ட இரண்டு ஒற்றுகளையும் அவர் இட்டார். பிறகு, அவன் கோடிட்டிருந்த இயைபுகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். ஒலிபெருக்கிகளுக்கிடையே நின்று, அவன் மேசைமேல் விரலால் தாளமிட்டான்.

அவன் மீண்டும் எழுதுவானா என்று அவர் கேட்கவில்லை. கேட்கும் உரிமையும் தமக்கு இல்லை என்று அறிந்திருந்தார். திருத்தம் காலத்தில் செய்யப்பட வேண்டியது. காலம் கடந்த திருத்தம் பிழையைப் போக்கலாம். எழுதப்படாமற் போன பக்கங்களை அது மீட்பதில்லை.