பதினொரு மாதம் என்றால் எத்தனை நாள்?

எண், எழுத்துச்சரம் போன்ற சாதாரணத் தரவு வகைகளை எக்ஸ்எம்எல்லாக மாற்ற யாரும் மெனக்கெட வேண்டாம். லைப்ரரியே பார்த்துக்கொள்ளும். நாமாக ஒரு வகையை உருவாக்கும்போதுதான் சங்கடம். பணத்துக்கென்று ‘தொகை’ என்று ஒரு கிளாஸ் எழுதுகிறோம். உள்ளே ஓர் எண், ஒரு நாணயக் குறி. அதை எப்படி எழுதுவது, எப்படித் திரும்பப் படிப்பது என்பதை நாம்தான் சொல்லித்தர வேண்டும். ஜாவாவில் அதற்கு எக்ஸ்எம்எல்அடாப்டர் இருக்கிறது: எழுத ‘மார்ஷல்’, படிக்க ‘அன்மார்ஷல்’, இரண்டே மெத்தட். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும் வேலை போலத் தெரியும்.

பலருக்கும் இது எடுபிடி வேலை. எனக்குப் பிடித்த வேலை. நாம் உருவாக்கிய வகை உண்மையில் என்ன என்று நம்மையே குறுக்கு விசாரணை செய்யும் இடம் வேறு இல்லை.

தொகையையே எடுத்துக்கொள்வோம். 12.50 என்பதும் 12.5 என்பதும் ஒன்றா? எக்ஸ்எம்எல் ஸ்கீமாவின் டெசிமல் வகைக்கு ஒன்றுதான். ஜாவாவின் பிக்டெசிமலை ‘ஈக்வல்ஸ்’ போட்டுக் கேட்டால் இல்லை என்று சொல்லும். ‘கம்பேர்டூ’ போட்டால் ஆம் என்று சொல்லும். ஆயிரத்தின் கடைசிச் சுழியங்களை நீக்கிவிட்டு டுஸ்ட்ரிங் செய்தால் அது அடுக்குக்குறி வடிவில் வந்து நிற்கும். ஸ்கீமா அந்த வடிவத்தை ஏற்காது. நாணயக் குறியைத் தனி எலிமென்ட்டாக வைப்பதா, அட்ரிபியூட்டாக வைப்பதா? வங்கிகளின் ஐஎஸ்ஓ 20022 செய்திகள் அட்ரிபியூட்டாகவே வைக்கின்றன. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. நாணயம் இல்லாத தொகை வெறும் எண். (எக்ஸ்எம்எல் செத்துவிட்டது என்று இளையவர்கள் சொல்வதுண்டு. டீக்கடையில் ஸ்கேன் செய்து கொடுக்கும் பத்து ரூபாய்க்குப் பின்னால், யுபிஐயில் ஓடுவதும் எக்ஸ்எம்எல் செய்திதான்.)

எழுதுவதைவிடப் படிப்பதுதான் வம்பு. டாட்நெட்டின் எக்ஸ்எம்எல்சீரியலைசர், எதையும் வாங்கிக்கொள்ளாத ஒரு கன்ஸ்ட்ரக்டர் கட்டாயம் வேண்டும் என்கிறது. முதலில் வெறும் ஆப்ஜெக்ட்டைப் பிறப்பிக்கும், பிறகு உள்ளே நிரப்பும். ‘நாணயம் இல்லாமல் தொகை பிறக்கக் கூடாது’ என்று நாம் கன்ஸ்ட்ரக்டரில் போட்ட காவல் அங்கே வீண். அடாப்டரில் அந்தத் தொல்லை இல்லை. படித்த எழுத்தை வைத்து நம் கன்ஸ்ட்ரக்டரையே கூப்பிடலாம். கிளாஸுக்கு எக்ஸ்எம்எல் என்ற ஒன்று இருப்பதே தெரிய வேண்டாம். அதனால் என் ஓட்டு அடாப்டருக்கே.

ஆனால் காலஅளவுக்கு வரும்போது எந்தக் கட்சியில் இருந்தாலும் அடி உண்டு. 2001-இல் வெளிவந்த எக்ஸ்எம்எல் ஸ்கீமாவில் ‘டியூரேஷன்’ என்ற வகை உண்டு. அதில் ஒரு மாதம் பெரிதா, முப்பது நாள் பெரிதா என்று கேட்டால் தீர்மானிக்க முடியாது என்பதே விடை. நேர்மையான விடை. டாட்நெட்டின் காலஅளவு வகையான டைம்ஸ்பானுக்கோ மாதம் என்ற ஒன்றே கிடையாது. அது அறிந்த மிகப் பெரிய அலகு நாள்தான். ஆகவே டியூரேஷனை டைம்ஸ்பானாக மாற்றித்தரும் எக்ஸ்எம்எல்கன்வெர்ட் மாதத்துக்கு 30 நாள், ஆண்டுக்கு 365 நாள் என்று தானே கணக்குப் போட்டுக்கொள்கிறது.

நம்மூர் வீட்டு வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் பதினொரு மாதம். அதை ‘பி11எம்’ என்று எக்ஸ்எம்எல்லில் எழுதி, டைம்ஸ்பானாகப் படித்துத் திரும்ப எழுதினால் ‘பி330டி’ என்று வரும். காலண்டரில் எந்தத் தேதியில் தொடங்கி எண்ணினாலும் பதினொரு மாதம் 334 நாளுக்குக் குறையாது. வீட்டுக்காரர் கேட்காமலே குறைந்தது நாலு நாள் பறிபோயிற்று. பன்னிரண்டு மாதம் என்று கொடுத்தால் 365 நாள் சரியாக வரும். அதாவது பன்னிரண்டாவது மாதத்துக்கு மட்டும் 35 நாள்! இத்தனைக்கும் பிழைச்செய்தி ஒன்றும் வராது. எழுதிப் படித்துப் பார்க்கும் சோதனையை நாள்களில் மட்டும் செய்திருந்தால் அதுவும் தேறிவிடும். மாதத்தைக் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இதற்கு லைப்ரரியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒப்பந்தத்தில் இருப்பது காலண்டர் மாதம் என்றால் டைம்ஸ்பான் அதற்கான பாத்திரமே அல்ல. ஜாவாவின் பீரியட் போல ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனியே வைத்துக்கொள்ளும் சொந்த வகை ஒன்றை எழுத வேண்டியதுதான். எழுதி முடித்ததும், அதை எக்ஸ்எம்எல்லாக மாற்றத் தெரியாது என்று லைப்ரரி கையை விரிக்கும்.