பந்துப் பைத்தியம்

டெக்ஸஸில் ஒரு கவுன்டியின் நாய்க் காப்பகம். நடையின் இரு பக்கமும் கம்பிவலைக் கதவுகள். பீய்ச்சிக் கழுவிய சிமென்ட் தரை இன்னும் காயவில்லை. பிளீச்சிங் வாடை கண்ணைக் கரிக்கிறது. ஒரு நாய் குரைத்தால் எல்லாமே குரைக்கின்றன. எதற்காக ஆரம்பித்தோம் என்பது ஆரம்பித்த நாய்க்கே மறந்து போயிருக்கும். மகள் சனிக்கிழமைகளில் இங்கே வந்து சம்பளமில்லாமல் வேலை செய்கிறாள். துவைத்த துண்டுகள் குவிந்து கிடந்த மேசைக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்து, "மடிச்சுக்கிட்டே இருங்கப்பா. எந்த நாயையும் உத்துப் பார்க்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒன்பது மணிவாக்கில் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் பக்கத்துச் சிற்றூரின் போலீஸ் தலைவர். உள்ளே வந்ததும் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். இன்னொருவன் அவரிடம் வேலை பார்க்கும் காவலன், முப்பது வயதுக்குள் இருக்கும். மூன்றாமவர் பயிற்சியாளர். சாயம் போன தொப்பி, கால்சட்டைப் பையில் புடைத்துக்கொண்டு ஒரு டென்னிஸ் பந்து. அந்த ஊர்ப் போலீஸில் மோப்ப நாய்ப் பிரிவு என்று இதுவரை ஒன்று இருந்ததில்லை. இப்போது ஆரம்பிக்கப் போகிறார்கள்.

நாயை விலை கொடுத்து வாங்க அவர்களிடம் பணம் இல்லை. நெதர்லாந்து, செக் குடியரசு, ஹங்கேரி என்று ஐரோப்பாவில் வளர்த்து விமானத்தில் ஏற்றி அனுப்புகிற மாலினுவா, ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களைத்தான் இங்குள்ள போலீஸ் பெரும்பாலும் வாங்குகிறது. பயிற்சிச் செலவையும் சேர்த்தால் ஒரு நாய்க்குப் பத்தாயிரம் டாலர் சுலபமாகத் தாண்டும். இங்கே கூண்டில் இருப்பவற்றுக்குத் தத்துக் கட்டணம் கட்டினால் போதும்.

மூவரும் நடையில் போனார்கள். கூடவே சாவிக்கொத்தோடு காப்பகத்துப் பெண். தலைவர் நாய்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தார். எது பத்திரிகைப் படத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று பார்க்கிறாரோ என நினைத்தேன். அப்படி நினைத்தது என் குசும்பாகவும் இருக்கலாம். காப்பகத்துப் பெண்ணுக்கு வேண்டியது ஒரு காலிக் கூண்டு. பயிற்சியாளர் எந்த முகத்தையும் பார்க்கவில்லை. பந்தைத் தரையில் தட்டித் தட்டிப் பிடித்தபடி போனார்.

வேடிக்கை அப்போதுதான் ஆரம்பித்தது. சில நாய்கள் கதவில் கால் வைத்து எழும்பி வாலாட்டின. சில மூலைக்குப் போய் ஒடுங்கின. ஒரு கிழ நாய் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. எல்லாம் மனிதர்களைத்தான் பார்த்தன. ஒன்று மட்டும் மனிதர்கள் வந்ததையே கவனிக்கவில்லை. பந்து மேலே போனால் அதன் கண்ணும் மேலே, கீழே வந்தால் கீழே. குரைக்கவில்லை, தொண்டைக்குள் இழுத்து இழுத்து ஒரு முனகல். அகன்ற மண்டை, பழுப்பு உடம்பு, நெஞ்சில் வெள்ளை. பிட்புல் சாயல்.

பயிற்சியாளர் பந்தைப் பைக்குள் போட்டார். நாய் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றது.

கூண்டில் ஓர் அட்டை தொங்கியது. ஆண், வயது இரண்டு இருக்கலாம், உரிமையாளர் திருப்பிக் கொடுத்தது. காரணம்: ஓயாத சேட்டை, சோபாவைக் கிழித்தது, வேலி தாண்டும். தலைவர் அதைப் படித்து முகம் சுளித்தார். பயிற்சியாளர் படித்துவிட்டுச் சிரித்தார்.

ரோட் ஐலண்டு மாநிலப் போலீஸில் இப்படித் திருப்பிக் கொடுக்கப்பட்ட ரூபி என்று ஒரு பெண் நாய் இருந்தது. ஆஸ்திரேலியன் ஷெப்பர்டும் பார்டர் கோலியும் கலந்தது. ஐந்து முறை தத்துப் போய் ஐந்து முறையும் காப்பகத்துக்கே திரும்பி வந்தது; அடக்க முடியவில்லை என்பதுதான் புகார். கருணைக்கொலைக்கு நாள் குறித்த நிலையில் 2011-இல் டேனியல் ஓ'நீல் என்ற காவலரிடம் போய்ச் சேர்ந்து தேடுதல் நாய் ஆனது. 2017-இல் காட்டுக்குள் காணாமல் போன ஒரு சிறுவனை மயங்கிய நிலையில் கண்டுபிடித்தது. அவன் வீட்டுக்குத் தகவல் சொல்லப் போன ஓ'நீலுக்கு அங்கே அதிர்ச்சி. பையனின் தாய், காப்பகத்தில் ரூபியைக் கொல்ல விடாமல் மன்றாடிக் காப்பாற்றிய அதே பெண். கதையில் எழுதினால் ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார். நெட்ஃபிளிக்ஸ் 2022-இல் படமாகவே எடுத்துவிட்டது. எனக்கு அந்தத் தற்செயலைவிட, ஐந்து குடும்பங்கள் ஒரே குறையைச் சொன்னதுதான் முக்கியமாகப் படுகிறது. ஐந்து வீட்டில் தொல்லையாக இருந்த குணத்துக்கு ஆறாவது இடத்தில் சம்பளம் கிடைத்தது.

துண்டு மடிக்கும் மேசைக்கு எதிரே ஒரு பெரிய ஜன்னல். அதன் வழியாகப் பின்பக்க முற்றம் தெரிந்தது. ஒரு பாதியில் வெட்டிய புல், மறுபாதியில் முழங்கால் உயரத்துக்குக் கோரை.

முதலில் கொண்டு வந்தது தலைவர் காட்டிய நாயை. ஷெப்பர்டு சாயல், விறைத்த காது, பார்த்தாலே சல்யூட் அடிக்கத் தோன்றும். பந்தை எறிந்தால் ஓடி எடுத்து வந்தது. தலைவர் தலையை ஆட்டிக்கொண்டார். பயிற்சியாளர் பேசாமல் ஓர் எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்துச் சிமென்ட் படியில் போட்டார். ணங்கென்ற சத்தத்தில் நாய் காப்பகத்துப் பெண்ணின் காலுக்குப் பின்னால் பதுங்கி, அதன்பிறகு வெளியே வரவேயில்லை. பரீட்சை முடிந்தது. வழுக்குகிற தரை, இருட்டறை, இடுக்குத் தெரிகிற இரும்புப் படிக்கட்டு எல்லாம் அதற்குக் காட்டப்படவே இல்லை.

அடுத்து ஒரு கறுப்பு லாப்ரடார் கலப்பு. கிண்ணத்துக்கு அசரவில்லை, படிக்கட்டில் துள்ளி ஏறியது. பயிற்சியாளரின் முகம் மலர்ந்தது. காப்பகத்துப் பெண் கோப்பைத் திறந்து ஒரு வரியில் விரலை வைத்தாள். இதயப்புழு. கொசு கடித்து வருகிற நோய். இந்தப் பக்கத்துத் தெருநாய்களில் சகஜம். புழுக்கள் இதயத்திலும் நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாயிலும் குடியேறிவிடும். ஊசி போட்டால் சாகும்; ஆனால் அந்த மாதங்களில் நாயை ஓடவே விடக்கூடாது. ஓடுவதற்காகவே பிறந்த நாய். பயிற்சியாளர் அதன் கூண்டு எண்ணைக் கையில் பேனாவால் எழுதிக்கொண்டார்.

பிறகு பழுப்பு நாய். பந்தைக் காட்டி, கோரைக்குள் வீசி, நாயின் கழுத்துப்பட்டையைப் பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றித் திசை தப்ப வைத்து விட்டார்கள். பயிற்சியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பெரும்பாலான நாய்கள் கொஞ்சம் துழாவிவிட்டு, கிடைக்கவில்லையே என்ன செய்யலாம் என்று மனிதனிடம் திரும்பி வந்து முகத்தைப் பார்க்குமாம். நல்ல வளர்ப்பு நாயின் லட்சணம் அது. போலீஸுக்கு உதவாது. இந்த நாய் திரும்பிப் பார்க்கவே இல்லை. கோரை அசைகிற இடத்தை வைத்துத்தான் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. ஒரு வரிசை போய், காற்று எதிரே வருகிற பக்கமாக வளைந்து, மறு வரிசை. நான் துண்டு மடிப்பதை நிறுத்தியிருந்தேன். வெகுநேரம் கழித்துப் பந்தோடு வெளியே வந்தது. கொண்டுவந்ததைக் கொடுக்க மாட்டேன் என்றது. பயிற்சியாளர் இழுக்க, அது இழுக்க, நான்கு காலும் தரையை விட்டு எழும்பியும் பந்தை விடவில்லை.

தலைவருக்கு இன்னும் புரியவில்லை என்று தோன்றியது. பந்து பொறுக்குவதற்கும் போதைப்பொருளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். பயிற்சியாளர் தன் வேனிலிருந்து தேர்ந்த நாய் ஒன்றை இறக்கினார். ஜன்னலுக்கு நேர் கீழே வரிசையாக அட்டைப்பெட்டிகள். ஏதோ ஒன்றில் மட்டும் வாசனை ஏற்றிய துணி. நாய் என் கைக்கெட்டும் தூரத்தில் கடந்து போனது. மூக்கின் ஈரம் வெயிலில் பளபளத்தது. மூச்சை இழுப்பது முன்பக்கத் துளையால்; விடுவது இரண்டு ஓரத்திலும் இருக்கும் கீறல் வழியாக. அதனால் உள்ளே வருகிற வாசனையை வெளியே போகிற மூச்சு கலைப்பதில்லை. நொடிக்கு ஐந்தாறு முறை இழுக்கிறது, சின்னதும் சீரானதுமாக. ஒரு பெட்டியைத் தாண்டிய பிறகு உடம்பு முன்னால் போக, தலை மட்டும் பின்னால் திரும்பியது. வால் நின்றது. உட்கார்ந்தது. அந்த விநாடியே எங்கிருந்தோ ஒரு பந்து வந்து விழுந்தது.

அவ்வளவுதான் வித்தை. நாய்க்குப் போதை பழக்கித்தான் தேட விடுவார்கள் என்று நம் ஊரில் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி எதுவும் கிடையாது. இந்த வாசனை இருக்கும் இடத்தில் பந்து வரும் என்று அது நம்புகிறது. குற்றவாளி, சட்டம், போலீஸ் எதுவும் அதன் கணக்கில் இல்லை.

"கடிக்கவும் பழக்கலாமா?" என்று தலைவர் கேட்டார்.

"மாட்டேன்" என்றார் பயிற்சியாளர். ஆளைத் துரத்திப் பிடிக்கிற வேலைக்கு அதற்கென்றே வளர்த்த நாய் வேண்டும். பூர்வோத்தரம் தெரியாத நாயைக் கடிக்க ஏவினால் முதல் வழக்கிலேயே ஊர்ப் பணம் கரைந்துவிடும். மூக்கு வேலை மட்டும் என்றால் சரி.

காப்பகத்து நாயை மோப்ப வேலைக்கு எடுப்பதில் புதுமை ஒன்றுமில்லை. அமெரிக்கச் சுங்கத்துறை 1970-இல் மோப்ப நாய்களை இறக்கியபோது காப்பகங்களில்தான் ஆள் எடுத்தது. 2018-இல் அட்லான்டா விமான நிலையத்தில் ஒரு பயணியின் பெட்டிக்குள் வறுத்த பன்றித்தலை இருப்பதைக் கண்டுபிடித்த ஹார்டி என்ற பீகிள்கூடக் காப்பகத்திலிருந்து வந்ததுதான்.

மூக்கு வேலையிலும் தொல்லை இல்லாமல் இல்லை. 2019-இல் டெக்ஸஸ் போதை தராத ஹெம்ப் வகைக் கஞ்சாச் செடியைப் பயிரிட அனுமதித்தது. போதை தருவதும் தராததும் நாயின் மூக்குக்கு ஒன்றே. கஞ்சா பழகிய நாய் உட்கார்ந்தால் எதற்கு உட்கார்ந்தது என்று வக்கீல் கேட்பார். அதனிடம் பதில் இல்லை. பழகியதை மறக்கடிப்பதும் சுலபமில்லை. அதனால் புதிதாகப் பழக்கும் நாய்களுக்குக் கஞ்சாவையே காட்டாமல் விடுகிறவர்கள் உண்டு. புதுப் பிரிவு தொடங்குவதில் இது ஒரு லாபம். பயிற்சிப் பதிவேடும் ஒழுங்காக இருக்க வேண்டும். 2013-இல் ஆல்டோ என்ற நாயின் வழக்கில், முறையான சான்றும் பயிற்சியும் இருந்தால் நாயின் சைகையை நம்பலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. 2015-இல் இன்னொரு வழக்கில், நாய் வருவதற்காக வண்டியை வீணாக நிறுத்தி வைக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டது. பயிற்சியாளர் இதையெல்லாம் சொல்ல, தலைவர் குறித்துக்கொண்டார். மோப்ப நாய்ப் பிரிவு என்றால் பாதி நாய், பாதி நோட்டுப்புத்தகம் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும்.

எனக்கு நம் ஊர் தினசரிகள் ஞாபகம் வந்தன. மோப்ப நாய் சிறிது தூரம் ஓடி நின்றது, யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை என்று திருட்டுச் செய்திதோறும் வருமே, அந்த வாக்கியம். நாட்டிலேயே முதல் போலீஸ் நாய்ப்படை 1951-இல் சென்னையில்தான் தொடங்கியது. அன்றிலிருந்து எத்தனையோ நாய்கள் சிறிது தூரம் ஓடி நின்றிருக்கின்றன. அவை அனேகமாக டாபர்மேன், ஷெப்பர்டு, லாப்ரடார். அந்த வாக்கியத்தை நாலு பேரோடு டீக்கடை வாசலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்த நாட்டுநாயை யாரும் கூப்பிடவில்லை. 2019-இல் உத்தராகண்ட் போலீஸ் ஒரு தெருநாயைப் பழக்கிப் படையில் சேர்த்தது. மேற்கு வங்கப் போலீஸ் அதே காலத்தில் பராக்பூரில் ஆஷா என்ற நாட்டுநாயைத் தேற்றியது. அவ்வப்போது இப்படி ஒன்று. வழக்கமாகவில்லை.

காவலன் அதுவரை வாயைத் திறக்கவில்லை. தலைவர் கண் காட்டியதும் புல்வெளியில் இறங்கினான். பழுப்பு நாய்க்கு அவன் பொருட்டே இல்லை. பந்து பயிற்சியாளரின் பையில் இருந்தது. அவன் பந்தை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டான். உடனே அவன் பொருட்டானான். முழந்தாளிட்டு உட்கார்ந்து அதன் மண்டையைத் தொட்டான். பழைய காயம் ஒன்று காதுக்குப் பின்னால் தடித்திருந்தது. நாய் தொட விட்டது, கண்ணைப் பந்திலிருந்து எடுக்காமல்.

"பிட்புல்லைப் போலீஸ் வண்டியில் வைத்தால் ஊரில் என்ன சொல்வார்கள்?" என்றார் தலைவர்.

2015-இல் நியூயார்க் மாநிலத்தில் பக்கிப்சி நகரப் போலீஸ் அப்படி ஒன்றை வைத்தது. கையா என்று பெயர். இதே டெக்ஸஸில், கொடுமைப்படுத்தியவரிடமிருந்து மீட்டுக் காப்பகத்தில் வைத்திருந்த நாய். ஊரில் யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம்; குழந்தைகள் வந்து படம் எடுத்துக்கொண்டார்களாம். பயிற்சியாளர் இதைச் சொன்னார். தலைவர் முகத்தில் படம் என்ற சொல்லுக்கு ஒரு வெளிச்சம் வந்தது. என் குசும்பு வீண்போகவில்லை.

எல்லாரும் உள்ளே வந்து என் மேசைக்குப் பக்கத்து மேசையில் நின்றார்கள். காப்பகத்துப் பெண் தத்து விண்ணப்பத்தை எடுத்தாள். நாய் யாருடன் தங்கும்? காவலனுடன். வீடு சொந்தமா வாடகையா? வாடகை.

"வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் வேண்டும். என்ன இனம் என்று அதில் எழுதியிருக்க வேண்டும்."

"இது போலீஸ் நாயம்மா" என்றார் தலைவர்.

"இன்னும் ஆகவில்லை. இப்போதைக்கு 41-ஆம் கூண்டு நாய்."

காவலன் ஒதுங்கிப் போய் வீட்டுக்காரருக்குப் போன் செய்தான். திரும்பி வரும்போதே முகம் தெரிந்தது. பிட்புல் இருந்தால் வீட்டுக் காப்பீட்டை ரத்து செய்துவிடுவார்களாம். போலீஸ் வேலை, போதைப்பொருள், மோப்பம் எல்லாம் சொல்லிப் பார்த்திருக்கிறான். நாயின் இனத்தை மாற்றி எழுதினால் என்ன என்று பயிற்சியாளர் மெதுவாகக் கேட்டார். அந்தப் பெண் காது கேளாதவள்போல் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"சரி, என் வீட்டில் இருக்கட்டும். சொந்த வீடு" என்றார் தலைவர்.

"வேலி இருக்கிறதா?"

"இருக்கிறது. நாலடி."

அவள் எழுந்து போய்க் கூண்டிலிருந்து அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தாள். காரணம் என்று போட்டிருந்த வரியின் கடைசி இரண்டு சொற்களின் கீழ் பேனாவால் கோடு இழுத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

"ஆறடி போட்டுவிட்டு வாருங்கள் சார். வியாழன் வரை வைத்திருக்கிறேன்."